பெயர் வெட்டிய டம்ளர்

என் தங்கையின் எவர்சில்வர் டம்ளரை நீங்கள் திருடினீர்கள், மிஸ். கண்காட்சி முடிந்ததும் தருகிறேன் என்று வாங்கிப் போனீர்கள், தரவில்லை. ஒரு டம்ளர்தானே என்று நீங்கள் நினைக்கலாம். டம்ளரோடு சேர்த்து வேறொன்றையும் எடுத்துக்கொண்டீர்கள். அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பெங்களூரில் பஸ் கண்டக்டர். நயமாகப் பேசினால் என் பஸ்ஸில் யாரும் உள்ளே தள்ளிப் போகமாட்டார்கள். அதனால் எழுத்திலும் எனக்கு அந்தக் குரல்தான் வரும்.

முதலில் ஒரு சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் ஒரு டம்ளரைத் தலைகீழாக அழுத்திக்கொண்டே போய் அடியில் லேசாகச் சாய்த்தால், உள்ளிருந்து ஒரு பெரிய குமிழி கிளம்பி மேலே வந்து உடையும். "பொளக்" என்று கேட்கும். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் இருந்த அலுமினிய அண்டா, அம்மா உருட்டும் ஊதுபத்தியின் கரித்தூள் பறந்து வந்து அதன் தண்ணீர்மேல் படர்ந்த கறுப்பு ஏடு, அந்த ஏட்டைக் கிழித்துக்கொண்டு எழும் பொளக். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பஸ் டிப்போவில் யாராவது வாளியில் தண்ணீர் மொண்டால் அந்தச் சத்தம் வந்து என்னைப் பிடித்துக்கொள்கிறது.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவும் நைனாவின் அப்பாவும் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில், சுரங்கத்தை இழுத்து மூடுவதற்குச் சில வருடங்கள் முன்பே ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தபோது, நைனாவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பீன்யாவில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்து, ஒரு மே மாதம் நாங்கள் நான்கு பேரும் இரண்டு டிரங்குப் பெட்டியோடு பெங்களூர் வந்து இறங்கினோம். எனக்குப் பதின்மூன்று வயது. தங்கை சுகந்திக்கு எட்டு.

தங்கவயலில் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கன்னடம் எங்களுக்கு பஸ் போர்டில் இருக்கும் எழுத்து, அவ்வளவுதான். பெங்களூரில் வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தபோது, பூட்டிய கதவுகளில் தொங்கிய அட்டைகளைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று நைனா ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டார். "மனெ காலி இதெ" என்று அவர் வாசித்துக் காட்டினார். வீடு காலியாக இருக்கிறதாம். சுகந்தி அந்த நடு வார்த்தையின் உருவத்தை அப்படியே மனதில் பதித்துக்கொண்டு, "அக்கா, அங்க பாரு காலி, இங்க பாரு காலி" என்று எங்களுக்கு முன்னால் ஓடி ஓடிக் கண்டுபிடித்தாள். நாங்கள் முதலில் கற்ற கன்னட வார்த்தை அதுதான். தமிழிலும் காலி, கன்னடத்திலும் காலி. இந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு வார்த்தையாவது இருக்கிறதே என்று அம்மாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் மல்லேஸ்வரம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் சேர்த்தார்கள். பள்ளியின் பெயரை நான் எழுதமாட்டேன், அங்கே இப்போதும் பிள்ளைகள் படிக்கிறார்கள். போர்டில் இங்கிலீஷ் மீடியம் என்று போட்டிருக்கும், வகுப்புக்குள் பாதிக்குமேல் கன்னடம் ஓடும். நான் தட்டுத்தடுமாறி எட்டாம் வகுப்பில் நுழைந்துவிட்டேன். அதுவரை தமிழிலேயே படித்திருந்த சுகந்தியை மூன்றாம் வகுப்பில் சேர்க்கத் தலைமையாசிரியை யோசித்தார். கடைசியில், தசரா விடுமுறைக்குப் பிறகு அறிவியல் கண்காட்சி வரும், அதில் எல்லார் முன்னாலும் நின்று வாயைத் திறந்து விளக்குகிறாளா பார்ப்போம், இல்லாவிட்டால் ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுவோம் என்றார். நைனா தலையாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கண்காட்சி என்றால் மற்ற வீடுகளில் பெரிய பரீட்சை மாதிரி.

மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் நீங்கள்தான் எடுத்தீர்கள். பாடம் எல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும். ஒருநாள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தலைப்பாகச் சொல்லிக்கொண்டே வந்து, சுகந்தி முறை வந்தபோது, "ஸ்ரீராம்புரா, நினகெ காளி" என்றீர்கள். அவள் பெயர் உங்களுக்குத் தெரியாது, பேட்டைப் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவீர்கள். கன்னடத்தில் காற்றை அப்படித்தான் சொல்வார்கள், முதல் எழுத்தைக் காந்தியின் "கா" போல உச்சரிக்கவேண்டும். இதில்தான் வினை. எங்கள் பக்கத்து வாயில் "காலி"யையும் காந்தியின் "கா" போட்டுத்தான் சொல்வோம், லகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் பார்ப்பவர்கள் தங்கவயலில் எங்கள் வீட்டு வரிசையில் யாரும் இல்லை. காற்றைக் கொடுத்தீர்கள், அவள் காலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு காலி குடுத்துருக்காங்க" என்றாள்.

"காலின்னா? உன் மொற வர்றதுக்குள்ள தீந்து போச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒருத்திக்கு நீரு, ஒருத்திக்கு மண்ணு, எனக்கு காலி."

பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த நைனா சிரித்துவிட்டார். "எல்லாருக்கும் மண்ணும் தண்ணியும் குடுத்துட்டு நம்ம பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு குடுத்தாங்களா. ஆளப் பாத்து கரெக்டா தான் குடுத்துருக்காங்க."

"நீ கொஞ்சம் வாய வெச்சிக்கினு சும்மா இருய்யா. கொழந்த மூஞ்சிய பாரு" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர்கள், தண்ணீர் குடிக்கிற மாதிரி கன்னடம் பேசுகிறவர்கள், ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். கேட்கவேண்டாம் என்றது நான்தான். ஏற்கனவே அந்தத் தெருப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தால் "கோலாரு, தங்கம் இருக்குதா" என்று கிண்டல் செய்வார்கள். இதையும் போய்க் கேட்டு இன்னொரு முறை சிரிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. "காலின்னா காலி தான்மா, போர்டுல பாக்கலியா" என்று அம்மாவை அடக்கினேன். என் பங்கு இதில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்த ஆராய்ச்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் வயிறு எரிகிறது. காலியை எப்படிக் காட்டுவது? காலித் தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு வீடு செய்து, வாசலில் "மனெ காலி இதெ" என்று போர்டு மாட்டலாம் என்றேன். அறிவியல் எங்கே என்று சுகந்தி கேட்டாள். காலி மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுபோய் வைத்துவிடு, நாற்றத்தை வைத்தே மார்க் போட்டுவிடுவார்கள் என்றார் நைனா. எனக்கு உண்மையில் எரிமலைமேல் ஆசை. மல்லேஸ்வரத்துக் கடை ஒன்றில் தெர்மோகோலில் செய்து சிவப்புப் பெயின்ட் அடித்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், பெற்றோர் வந்து கேக் வாங்குகிற மாதிரி வாங்கிப் போவார்கள். அதில் ஒன்றாவது நம்மால் செய்ய முடியாதா, யார் தலைப்பைப் பார்க்கப்போகிறார்கள் என்று அவளை நச்சரித்தேன். அவள் அசையவில்லை.

"மிஸ் எரிமல குடுக்கலியே. காலி தானே குடுத்தாங்க" என்றாள்.

அந்த வயதில் ஆசிரியர் சொன்னது அவளுக்குச் சாமி சொன்னது. நீங்கள் அவளுக்குத் தரவே தராத ஒன்றை அவள் ஒரு வாரம் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போதுதான் நைனா விளையாட்டை விட்டுவிட்டுப் பேசினார். அவர் சுரங்கத்தைப் பற்றிப் பேசுவது குறைவு, பேசினால் இருமல் வரும். "காலின்னு ஒண்ணு கெடையாதும்மா. உள்ள வேல முடிஞ்ச எடத்த அப்டியே உட்டுட்டு வந்துருவோம். பாத்தா காலியா கெடக்கும். புதுசா வந்தவன், செத்த ஒக்காரலாம்னு உள்ள பூருவான். மேஸ்திரி சட்டைய புடிச்சி இழுப்பாரு. எவன்டா காலின்னு சொன்னான், உள்ள கெட்ட காத்து படுத்துனு கெடக்குதுடாம்பாரு."

"அது படுத்துனு இருக்கறது எப்டி தெரியும்?" என்று கேட்டாள் சுகந்தி.

"தெரியாது. தெரிஞ்சா ஏன் சாவறாங்க."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். அது அவளுக்குக் காது குத்தியபோது மாமா வாங்கிக் கொடுத்தது, பாத்திரக் கடையில் "சுகந்தி" என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. வேறு யாரையும் அதில் குடிக்கவிடமாட்டாள். தண்ணீர் குடித்து முடித்திருந்த அந்த டம்ளர் காலியாக இருந்தது.

மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டம்ளரைக் கவிழ்த்து இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். கரித்தூள் படிந்த நகங்கள். அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பத்தி உருட்டி உருட்டி எங்கள் இருவர் நகக்கண்ணிலும் அந்தக் கறுப்பு எப்போதும் இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது.

"அக்கா, இங்க வாயேன். அழுத்தினா எதிர்க்குது. உள்ள யாரோ இருக்காங்க."

சாய்த்தாள். பொளக்.

எரிமலையை நான் அந்த இடத்தில் மறந்தேன். இந்த ஒன்றில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, நல்ல பங்கு. தண்ணீர் உள்ளே போகவில்லை என்று எப்படிக் காட்டுவாய் என்று கேட்டு, நைனாவின் சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, இரண்டு சோற்றுப் பருக்கையால் டம்ளரின் அடியில் உள்பக்கமாக ஒட்டிக் கொடுத்தேன். அழுத்தினாள், நேராகவே வெளியே எடுத்தாள். டிக்கெட் நனையவில்லை. நைனா அதைப் பிய்த்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சி கெடக்குதுடீ" என்றார். இதற்கப்புறம் கண்காட்சி வரைக்கும் நைனா பஸ் டிக்கெட்டைக் கசக்கி எறியவில்லை, பத்திரமாகக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், அதனால் சமையலுக்கு எடுத்த மிச்சத் தண்ணீரிலேயே பழகினாள். சாய்க்கக்கூடாது, நேராகப் பிடிக்கவேண்டும், அதுதான் முழு வித்தையும். இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் நான் எழுதிக் கொடுத்தேன். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பாள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு வகுப்பில் எல்லாரையும் செய்துகாட்டச் சொன்னீர்கள். அங்கே நான் இல்லை. ஆனால் அவள் அன்று சாயங்காலம் எனக்கு அதை நாடகம் மாதிரி நடித்துக் காட்டினாள், அதற்குப் பிறகும் பல தடவை நடித்தாள், எனக்கு வரிக்கு வரி தெரியும். இங்கிலீஷ் வாக்கியம் இரண்டும் பயத்தில் மறந்துபோய், அவள் தமிழில் சொல்லியிருக்கிறாள். "மிஸ், காலின்னு ஒண்ணு இல்ல. உள்ள காத்து படுத்துனு இருக்குது. அதான் தண்ணிய உடல." டிக்கெட்டை எடுத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறாள். நீங்கள் அதைத் தடவிப் பார்த்திருக்கிறீர்கள். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "யாரு சொல்லிக் குடுத்தாங்க இதை உனக்கு? உங்க அப்பா எங்க வேலை பாக்குறார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல தமிழில். திக்காமல், தேடாமல்.

"மிஸ் தமிழ் பேசினாங்கக்கா, நம்ம மிஸ் தமிழு" என்று அவள் அன்றைக்குக் குதித்த குதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். டம்ளரை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டதை வேறு பெருமையாகச் சொன்னாள். "கண்காட்சி முடிஞ்சதும் தர்றேன்னு சொல்லிட்டாங்க." அந்த வருடத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே நல்ல நாள் அது. அதற்காக ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லியிருப்பேன், மறுநாள் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால்.

மறுநாள் நீங்கள் வகுப்பு முழுவதுக்கும் அந்தக் கதையைக் கன்னடத்தில் சொன்னீர்கள். "நானு காளி அந்த்ரெ, இவளு காலி அந்துகொண்டித்தாளெ." நான் காற்று என்றால் இவள் காலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பு சிரித்தது. எங்கள் தப்பு எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு அடங்கியதும், இவளுக்கு விளக்கிச் சொல்ல வராது என்று சொல்லி, டம்ளரையும் டிக்கெட்டையும் இன்னொரு பெண்ணிடம் கொடுத்தீர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் எல்லாம் வாங்கிப் போட்டவரின் மகள் அவள். அவள் பெயரையும் எழுதமாட்டேன், அவளும் எட்டு வயதுக் குழந்தைதான். சுகந்திக்கு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, துண்டோடு பக்கத்தில் நிற்கிற வேலை.

அவள் உளறியிருந்தால் யாரும் அதை எடுத்திருக்கமாட்டார்கள். வேறு ஆசிரியராக இருந்தால் அவள் பேசிய தமிழ் சத்தமாக மட்டும் கேட்டிருக்கும், தப்பான தலைப்பு, உட்கார் என்று சொல்லிவிட்டிருப்பார். அந்த அறையில் அவள் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்த ஒரே ஆள் நீங்கள். புரிந்ததால்தான் எடுத்தீர்கள்.

கண்காட்சி அன்று எட்டாம் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு அட்டையைச் சட்டையில் குத்தி, வருகிறவர்களுக்கு வழிகாட்ட நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு வாசலில் நின்றேன். நைனா அரைநாள் லீவு போட்டுவிட்டு பீன்யாவிலிருந்து பட்டறைச் சட்டையோடு வந்திருந்தார். மேஜைக்குப் பின்னால் இருப்பது தன் மகள் இல்லை என்பதைப் பார்த்தார். மகள் வாளிக்குப் பக்கத்தில் துண்டோடு நிற்பதையும் பார்த்தார். நான் உங்களிடம் வந்து, "மிஸ், நன்ன தங்கி" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் என் தங்கையைப் பற்றி ஆரம்பித்தேன். "ஆமேலெ மாதாடோண" என்றீர்கள். பிறகு பேசலாம். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. நானும் அதோடு வாசலுக்குத் திரும்பிப்போய் நின்றுகொண்டேன். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சிறப்பு விருந்தினர் வந்தார். கூடவே கேமராக்காரர். அந்தப் பெண் அழகான இங்கிலீஷில் சொல்லிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வாளிக்குள் இறக்கினாள். சாய்த்துவிட்டாள். பாதிக் குமிழி வெளியேறத் தொடங்கியது. பொளக் என்ற சத்தம் கேட்டதும் சுகந்தியால் சும்மா இருக்க முடியவில்லை. "நேரா புடி, நேரா புடி" என்று தமிழில் முணுமுணுத்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சுகந்தி துண்டைப் போட்டுவிட்டுக் கையை நீட்டி டம்ளரை நிமிர்த்தினாள். அந்த நொடியில்தான் ஃப்ளாஷ் மின்னியது. டிக்கெட் விளிம்பில் மட்டும் நனைந்து வெளியே வந்தது. முதலில் கைதட்டியது சுகந்தி. தன்னுடையதைப் பறித்தார்கள் என்பது அந்த நொடியில் அவளுக்கு நினைவில்லை, டிக்கெட் பிழைத்துக்கொண்டதே என்று தட்டினாள். இது யாருடைய யோசனை என்று விருந்தினர் கேட்டார். "நம்ம மிஸ்" என்றாள் அந்தப் பெண். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றீர்கள்.

தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு நடக்கும்போது நைனாவிடம் சண்டை போட்டேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்தார். காவிரிக் கலவரம் நடந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்ரீராம்புரத்தில் அந்த நாட்களைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரு கதை இருந்தது, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டுதான் சொல்வார்கள். பஸ்ஸில் அம்மா எங்களைத் தமிழில் சத்தமாகப் பேசவிடமாட்டாள். "அவங்க ஊரு, அவங்க பள்ளிக்கூடம். வாய மூடிக்கினு வா" என்றார் நைனா.

"அவங்களும் தமிழு தான் நைனா."

"அப்டின்னா இன்னும் வாய மூடிக்கணும். பயந்தவங்க தான் ரொம்ப மோசமா நடந்துக்குவாங்க" என்றார்.

அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன், மிஸ். நீங்கள் பயந்தீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் யார் என்று தெரிந்துவிடும் என்று பயந்தீர்கள், ஒரு தமிழ்ப் பிள்ளையை முன்னால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்தீர்கள். பயம் எங்களுக்கும் இருந்தது. பயந்துகொண்டு நாங்கள் யாருடைய டம்ளரையும் எடுக்கவில்லை.

கண்காட்சியில் வாயைத் திறக்கவில்லை என்று சுகந்தியை இரண்டாம் வகுப்புக்கு இறக்கினார்கள். அந்தத் தாளில் கையெழுத்து உங்களுடையது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குக் "காலி டப்பா" என்று பெயர் வைத்தார்கள், அது அவளோடு வகுப்பு வகுப்பாக ஏறி வந்தது. அவள் கை தூக்குவதை நிறுத்தினாள். பத்தாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டு கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். டம்ளர் எங்கே என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "மிஸ் தருவாங்கம்மா" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா கேட்பதை நிறுத்தினாள்.

பல வருடங்கள் கழித்து நீங்கள் ஒருநாள் என் பஸ்ஸில் ஏறினீர்கள். தலை நரைத்திருந்தது, ஆனால் அதே கண்ணாடி. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள். டிக்கெட் கேட்கக் கிட்டே வந்தபோது பார்த்தேன், நோட்டுக்குள்ளே தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று மடித்து வைத்திருந்தது. "எங்க போவணும் மிஸ்?" என்று தமிழில் கேட்டேன். நோட்டை மூடிவிட்டு, "ஹதினெண்ட்டனே க்ராஸ்" என்றீர்கள். பதினெட்டாவது கிராஸுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். உள்ளே தள்ளிப் போங்க என்று பஸ் முழுக்கக் கத்துகிற எனக்கு அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. வாழ்க்கையில் இரண்டாவது முறையாக உங்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது முறை மூடமாட்டேன். பள்ளிக்கூடம் ஆண்டுவிழா மலர் ஒன்று போட்டிருக்கிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் கொண்டுவந்து காட்டினான். அதில் நீங்கள் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள், கன்னடத்தில். இப்போது எனக்குக் கன்னடம் உங்களைவிட வேகமாக வரும், பொறுமையாகத்தான் படித்தேன். ஒருநாள் உங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது காலி டம்ளர் ஒன்றைத் தண்ணீரில் கவிழ்த்ததாகவும், அதிலிருந்துதான் "காலி காலியல்ல" என்ற செய்முறை உங்களுக்குத் தோன்றியதாகவும், அதை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே அந்தப் பழைய படத்தையும் போட்டிருக்கிறீர்கள்.

படத்தைப் போட்டது உங்கள் தப்பு. மலர் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். வாளிக்கு மேலே மூன்று கைகள் இருக்கின்றன. இரண்டு கை அந்தப் பெண்ணுடையது. மூன்றாவது கை ஓரத்திலிருந்து நீண்டு டம்ளரைப் பிடித்திருக்கிறது, நகமெல்லாம் கறுப்பு. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். டம்ளரில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரியும், தமிழ் எழுத்து. உங்கள் சமையலறை டம்ளரில் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை யார் வெட்டினார்கள்?

சுரங்கம் மூடிப் பல வருடமாகிறது. நைனா இல்லை, இருமி இருமியே போனார். அந்த வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள், அண்டாவைப் பழைய பாத்திரக்காரன் எடுத்துப் போனான். சோற்றுப் பருக்கையில் ஒட்டிய அந்த மெல்லிய டிக்கெட்டுகூட இப்போது கிடையாது. நான் இடுப்பில் மாட்டியிருக்கிற மெஷின் வழுவழுப்பான காகிதத்தைத் துப்புகிறது. போன வாரம் சுகந்தியின் மகள், மூன்றாம் வகுப்பு, பள்ளியில் ப்ராஜெக்ட் கேட்டிருக்கிறார்கள், ஏதாவது சொல்லு பெரியம்மா என்று வந்து நின்றாள். நான் அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த சுகந்தி தலையைத் தூக்காமல், "அது வேணாம்க்கா. கடையில எரிமல விக்குது, ஒண்ணு வாங்கிக் குடுத்துரு" என்றாள்.

வாங்கிக் கொடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு டம்ளர் வேண்டாம், மிஸ். அடுத்த மலரில், அதே பக்கத்தில், அந்த யோசனை யாருடையது என்று எழுதுங்கள். அந்த மூன்றாவது கைக்குப் பெயர் போடுங்கள். நான் சொல்வது பொய் என்றால் அதையும் அங்கேயே எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. தமிழில் எழுதுங்கள். உங்களுக்கு வரும்.